கண்டவரும் கேட்டவரும்: இஃபிஜெனியாவின் பலியும் திரைப்படமும்

கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் கொலையும் பலியும் பெரும்பாலும் மேடையில் நிகழ்வதில்லை. தூதன் வந்து உரைக்கிறான். திரைப்படமோ காட்டும் கலை. எனவே பலிக்கதை திரைக்கு வரும்போது சான்று கூறும் முறையே முதலில் மாறுகிறது.

யூரிப்பிடீஸ் மறைந்தபின் மேடையேறிய ‘ஆலிஸில் இஃபிஜெனியா’வின் முடிவு இதனை விளக்கும். கப்பற்படை ட்ராய் நோக்கிப் புறப்படும் பொருட்டு அகமெம்னோன் தன் மகளைப் பலியிட இசைகிறான். வெட்டு விழுந்த ஓசையை யாவரும் கேட்டனர், பெண் மறைந்தாள், அவளிடத்தில் மான் கிடந்தது என்கிறான் தூதன். படையினர் அனைவரும் அப்போது தரையை நோக்கி நின்றதையும் அவனே கூறிவிடுகிறான். தாய் கிளைத்தெம்னெஸ்த்ரா, இது தன்னைத் தேற்றப் புனைந்த கதையோ என ஐயுறுகிறாள். இப்பகுதியைப் பிற்சேர்க்கை எனக் கருதும் அறிஞர் பலர். எனினும் கிடைத்துள்ள பனுவலில் அற்புதமும் ஐயமும் இணைந்தே நிற்கின்றன.

மைக்கேல் காக்கோயானிஸின் ‘இஃபிஜெனியா’ (1977) தூதனை நீக்குகிறது. அவனோடு மீட்கும் மானும் நீங்குகிறது. மாறாக, புனித மான் கொல்லப்படுவது படத்தின் தொடக்கத்தில் வருகிறது. இக்காரணம் யூரிப்பிடீஸின் இந்நாடகத்தில் இல்லை. சோஃபோக்ளீஸின் ‘எலெக்ட்ரா’வில் உள்ளது. யோர்கோஸ் லாந்திமோஸின் ‘புனித மானின் கொலை’ (2017) என்னும் படத்தில் மான் தலைப்பில் மட்டுமே எஞ்சுகிறது. அறுவையில் நோயாளி இறந்ததற்கு ஈடாக இதய மருத்துவர் தம் குடும்பத்தில் ஒருவரைக் கொல்ல வேண்டியதாகிறது, தம் கண்ணை மறைத்துக்கொண்டு சுடுகிறார், மகன் இறக்கிறான். அன்று படையினர் தரையை நோக்கினர். இன்று தந்தையே கண்ணை மூடிக்கொள்கிறார். ஆனால் படக்கருவி பார்த்துவிடுகிறது, ஐயத்துக்கு இடமில்லை. இரு படங்களிலும் மான் குற்றத்தின் அடையாளமாக உள்ளதேயன்றி மீட்பாக இல்லை.

மொழிபெயர்ப்பாளர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. பிறர் கூறியதை உணர்த்தும் ‘-ஆம்’ தமிழில் இயல்பாக வழங்குகிறது. அது செய்தியைப் பொய்யென்று கூறுவதில்லை. அதற்கான பொறுப்பைச் சொன்னவரிடமே விட்டுவிடுகிறது. தூதன் நேரில் நின்றவன்; அவன் ‘மான் கிடந்தது’ என்றே கூறவேண்டும். அவன் வாயில் ‘கிடந்ததாம்’ என்று வைத்தால் சான்று அழியும். தாயின் வாயில் ‘கிடந்தது’ என்று வைத்தால் ஐயம் அழியும். ‘மான் கிடந்ததாம்’ என்பதே அவளுக்குரிய தொடர். திரைப்படம் இழந்த இவ்வேறுபாட்டை ஓர் இடைச்சொல்லால் காக்கும் வாய்ப்புத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு உண்டு.