பருத்த உடலும் முற்போக்குப் புனைகதையும்

எமது முற்போக்குப் புனைகதையிலே சுரண்டுபவனை இனங்காட்டுதற்குப் பெரிதும் பயன்பட்ட அடையாளங்களுள் ஒன்று அவனது வண்டி. முதலாளியும் வட்டிக்காரனும் கொழுத்தவர்கள். உழைப்பவர்கள் எலும்புந் தோலுமானவர்கள். கேலிச்சித்திர மரபுடன் உறவுடைய இவ்வுருவம் வர்க்க முரண்பாட்டைச் சாதாரண வாசகனுக்கு உடனடியாக உணர்த்தியது. இக்கட்டுரையாளரும் விரிவுரைகளிலே அதனைப் பாராட்டியதுண்டு.

உணவு அரிதாயிருந்த சமுதாயத்திலே மிகையுணவு உடைமையாளனுக்கே வாய்த்தது. அவ்வடிப்படை இன்று மாறிவிட்டது. மேல், தென், வடமத்திய, ஊவா மாகாணங்களில் 30 முதல் 65 வயது வரையானோரிடையே நடத்தப்பெற்று 2005 இல் வெளியான ஆய்வொன்றின்படி, உடற்றிணிவுச் சுட்டி 25 ஐத் தாண்டியோர் ஆண்களில் 20.3 வீதம், பெண்களில் 36.5 வீதம். இப்பெண்கள் யாவரும் முதலாளிமாரின் மனைவியராதல் இயலாது. மீனையும் பழத்தையும் விடப் பாணும் கோதுமை மாவும் சீனியும் எளிதிலே வயிற்றை நிரப்பும் சந்தையில், ஊதியமற்ற வீட்டுவேலையுள் அடைபட்டு, பிள்ளைகள் விட்ட மிச்சத்தை உண்டு வாழும் நாற்பத்தைந்து வயதுப் பெண்ணின் பருமன் செல்வத்தின் விளைவன்று. எமது கதைகளிலோ அவள் பெரும்பாலும் சிரிப்பூட்டும் மாமியாகவே வந்துபோகிறாள்.

தோட்டப்புறங்களில் இவ்வீதம் நகரங்களிலும் பார்க்கக் குறைவு. அதனை நல்வாழ்வின் அறிகுறியாகக் கொள்வது பேதைமை. நாள்முழுதும் மலைச்சரிவில் ஏறியிறங்கும் உழைப்பும் போதாத உணவுமே அங்கு பெண்ணை மெலிய வைக்கின்றன. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கதையில் ஒருத்தி பறித்த கொழுந்தின் நிறையே பிரச்சினையாகிறது. தோட்டத்துத் தராசு கொழுந்தை நிறுப்பது; பறித்தவளின் உடல் அதன் கணக்கில் வருவதில்லை. இராமையா இதனை வாய்விட்டுக் கூறாமலே உணர்த்திவிடுகிறார். பருத்த முதலாளியைக் கொண்டு எழுதப்பட்ட பல கதைகளிலும் இது ஆழமானது என்பேன்.

வடக்குக் கிழக்கின் நிலை வேறு. 2005–2006 இல் நாட்டின் ஏழு மாகாணங்களில் நடத்தப்பெற்ற நீரிழிவு, இருதயநோய் ஆய்வில் மேலதிக நிறையும் அளவிடப்பட்டது. இவ்விரு மாகாணங்களும் அதில் இடம்பெறவில்லை. எனவே அக்காலத்து எமது பெண்களின் உடல்பற்றி அறிய விழைபவன் ஓரளவுக்கேனும் புனைகதையிடம் வரவேண்டியிருக்கிறது. வருபவன் மெலிந்த அகதித் தாயை மீண்டும் மீண்டும் காண்பான். நிவாரண அரிசியையும் மாவையும் சீனியையும் கொண்டு முகாமில் ஆண்டுக்கணக்கிற் சமைத்து, நடமாட இடமின்றி உடல் பருத்து, நீரிழிவுக்கு ஆளான தாயை அவன் காண்பது அரிது. அவளும் அகதிதான். ஆயினும், பருத்தவள் பாதிக்கப்பட்டவளாகத் தோன்றமாட்டாள் என்ற அச்சம் எழுத்தாளனுக்கு இருந்திருத்தல் கூடும். அந்த அச்சத்தை அவனுக்குக் கற்பித்ததிலே எமது விமர்சனத்துக்கும் பங்குண்டு.