சிறுவர் நூல்களில் ஓவியத்தின் பங்கு

சிறுவர் நூலில் ஓவியம் எதற்கு? பக்கத்தை அழகு செய்வதற்கு என்பர் சிலர். சொல்லின் பொருளைப் பிள்ளைக்கு விளக்குவதற்கு என்பர் வேறு சிலர். இவ்விரு கருத்தும் ஓவியத்தைச் சொல்லுக்கு ஏவலாளாகவே வைக்கின்றன. சிறந்த நூல்களிலோ ஓவியம் கதையின் ஒரு பாதியைத் தானே சொல்கிறது.

இங்கிலாந்தைச் சேர்ந்த பாட் ஹட்சின்ஸ் அம்மையார் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ரோசிஸ் வாக்' என்னும் நூலைக் காண்போம். நூல் முழுவதிலும் உள்ள சொற்கள் 32, வாக்கியமோ ஒன்றே. ரோசி என்னும் கோழி பண்ணையைச் சுற்றி உலாவி, உணவு வேளைக்குத் திரும்புகிறது. சொற்கள் கூறுவது இவ்வளவே. ஓவியத்தை நோக்குமின்! கோழியின் பின்னே ஒரு நரி பதுங்கி வருகிறது. அது குப்பைவாரியை மிதிக்க, அதன் பிடி எழுந்து முகத்தில் அறைகிறது. பின்னர்க் குளத்தில் விழுகிறது. மாவு அதன் மேல் கொட்டுகிறது. முடிவில் தேனீக்கள் துரத்த ஓடுகிறது. நரி என்னும் சொல் நூலில் ஓரிடத்தும் இல்லை. கோழி அறிந்து நடந்ததா, அறியாது நடந்ததா? நூல் விடை கூறவில்லை.

தொல்காப்பியர் செய்யுள் உறுப்புகளுள் 'எச்சம்' என்பதையும் ஒன்றாக வைத்தார். புலவன் கூறாது விட்டதைக் கற்போன் உய்த்துணர்ந்து நிரப்புதல் அது. செய்யுளுக்கு வகுத்த அவ்விலக்கணம் இச்சிறு நூலுக்கும் பொருந்துகிறது. சொல் விட்டதை ஓவியம் ஏந்தி நிற்க, இரண்டையும் இணைத்துக் கதையாக்குபவன் பிள்ளையே. படம் காட்டினால் கற்பனை குன்றும் என்பார்க்கு இதுவே விடை.

அமெரிக்க ஓவியர் மாரிஸ் செண்டாக் 1963இல் வெளியிட்ட 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' மற்றொரு வழியைக் காட்டுகிறது. மேக்ஸ் என்னும் குறும்புச் சிறுவனின் கதை அது. தொடக்கத்தில் வெள்ளைத் தாளின் நடுவே சிறிதாக நிற்கும் ஓவியம், அவன் கனவு வளர வளரத் தானும் வளர்கிறது. கொடுவிலங்குகளோடு அவன் கூத்தாடும் ஆறு பக்கங்களில் ஓவியமே எங்கும் நிறைகிறது. ஒரு சொல்லும் இல்லை. அவன் வீடு திரும்பிய பின், கடைசிப் பக்கத்தில் ஓவியம் இல்லை. உணவு இன்னும் சூடாக இருந்தது என்னும் செய்தி மட்டுமே உண்டு. கூத்தைச் சொல்லால் அடக்க இயலாது. சூட்டை வண்ணத்தால் தீட்ட இயலாது. எது எங்கே பேசவேண்டும் என்றறிந்த புலமை இது.

ஆகவே, இத்தகைய நூலைத் தமிழில் தர முனைவோர் கருத்தாயிருத்தல் வேண்டும். 'நரி பின்தொடர்ந்தது' என ஒரு வரி சேர்ப்பினும் கதை கெட்டொழியும். வகுப்பில் படித்துக் காட்டும் ஆசிரியரும் படத்தை விளக்க விரையலாகாது. பக்கத்தைத் திருப்பிச் சற்றே வாளாவிருப்பாராக. "நரி! நரி!" என்று முதலிற் கூவும் உரிமை பிள்ளைக்கே உரியது.