இரண்டாவது அக்கார்டியன்

1948-இல் மில்வாக்கி நகரில் நடந்த ஒரு போட்டியில் ஃபிராங்கி யாங்கோவிக்குக்கு 'அமெரிக்காவின் போல்கா மன்னர்' என்ற பட்டம் கிடைத்தது. 1998 அக்டோபரில் அவர் இறக்கும்போதும் அந்தப் பட்டம் அவரிடமே இருந்தது. ஓர் இசை வகைக்கு ஐம்பது ஆண்டுகள் ஒரே மனிதர் முகமாக இருந்திருக்கிறார். அதனால் அந்த இசை பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதை எடை போட்டுப் பார்க்க வேண்டும். அவரைக் கொண்டாடும் ரசிகர்களும் கேளாமலே ஒதுக்கும் விமர்சகர்களும் அந்தக் கணக்கைப் போடுவதில்லை.

போல்கா 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் போஹீமியாவில் பிறந்த ஜோடி நடனம். குடியேறிகளோடு அமெரிக்காவுக்கு வந்தபின் இனத்துக்கு இனம் வேறு உருவம் எடுத்தது. சிகாகோவின் போலந்துக்காரர்கள் ட்ரம்பெட்டையும் கிளாரினெட்டையும் நம்பினார்கள். மின்னசோட்டாவின் ஜெர்மானியர்கள் டூபாவை அடித்தளமாக்கினார்கள். கிளீவ்லாந்தில் குடியேறிய ஸ்லோவேனியர்கள் கையோடு கொண்டுவந்தது பொத்தான் அக்கார்டியன். மேற்கு வர்ஜீனியாவின் டேவிஸ் என்ற சிற்றூரில் 1915-இல் பிறந்த யாங்கோவிக், கிளீவ்லாந்தின் காலின்வுட் பகுதியில் வளர்ந்தவர். வீட்டில் தங்கிச் சாப்பிட்ட ஸ்லோவேனியத் தொழிலாளி ஒருவர்தான் அவருக்கு அக்கார்டியன் கற்றுக்கொடுத்தார். இசை சோறு போடாது என்று நினைத்தவர் அப்பா. அவருக்குத் தெரியாமல் அம்மா தன் சேமிப்பிலிருந்து 500 டாலர் கொடுத்து மகனுக்கு ஒரு பியானோ அக்கார்டியன் வாங்கித் தந்தார். பெருமந்தக் காலத்தில் ஒரு தொழிலாளர் குடும்பம் அவ்வளவு பணம் சேர்ப்பதற்கு எத்தனை நாள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியிருக்க வேண்டும்!

கிளீவ்லாந்து பாணியை உருவாக்கியவர் யாங்கோவிக் அல்ல. அவருக்கு முன்பே மாட் ஹோயர் பொத்தான் அக்கார்டியனில் இசைத்தட்டுகள் வெளியிட்டிருந்தார். பின்னாளில் ஒஹாயோ ஆளுநரான ஃபிராங்க் லௌஷியின் சகோதரர் வில்லியம் லௌஷி, பியானோவில் ஸ்லோவேனிய மெட்டுகளோடு ஜாஸின் இசைவுகளைக் கலந்து பார்த்திருந்தார். யாங்கோவிக்கின் சாதனை, இந்த வரவுகளையெல்லாம் ஒரு குழுவின் ஒலியாக இறுக்கிக் கட்டியது. உலோகக் குழல்கள் கிடையாது. இரண்டு அக்கார்டியன், பாஞ்சோ, பியானோ, டபுள் பாஸ், டிரம். முதல் அக்கார்டியன் மெட்டைப் பிடித்துப் போகும். மெட்டு மூச்சு விடும் இடங்களில் இரண்டாவது அக்கார்டியன் புகுந்து சின்னச் சின்ன ஓட்டங்களால் நிரப்பும். ஜார்ஜி குக்கின் பாஞ்சோ தாளத்தின் எடுப்பான இடங்களை விட்டுவிட்டு, இடையில் வெட்டி வெட்டி விழும். அந்த வெட்டுதான் ஆடுபவரின் காலைத் தரையிலிருந்து தூக்குகிறது. அக்கார்டியனைப் பழைய சினிமாப் பாட்டுகளின் இடையிசையில் மட்டுமே கேட்டுப் பழகிய நமக்கு, ஒரு முழுக் குழுவையே அது தோளில் தூக்கிச் செல்வதைக் கேட்பது புது அனுபவம்.

அந்த இரண்டாவது அக்கார்டியனை வாசித்தவர் ஜானி பெகான். கைத்திறனில் யாங்கோவிக்கை விடப் பெரியவர். தன்னைவிடச் சிறந்த வாசிப்பாளர்கள் பலர் உண்டு என்பதை யாங்கோவிக் மறைத்ததில்லை. தன்னைவிடத் திறமையானவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, தான் எளிய மெட்டை ஏற்கும் மனம் எல்லாக் குழுத்தலைவர்களுக்கும் வாய்ப்பதில்லை. அவரிடம் நான் மிகவும் மதிக்கும் குணம் இதுதான்.

அவருடைய உறுதியும் சாதாரணமானதல்ல. இரண்டாம் உலகப் போரில் ஆர்டென் காட்டுப் பனியில் அவருடைய கைகளும் கால்களும் உறைந்துபோயின. வெட்டி எடுக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர்கள் சொன்னபோது மறுத்துவிட்டார். விரல்களுக்கு உயிர் திரும்பப் பயிற்சியாக அமைந்தது அக்கார்டியனே. ஊர் திரும்பி, 1946-இல் கொலம்பியா நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார். 1948 தொடக்கத்தில் இசைக்கலைஞர் சங்கத்தின் ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் வரவிருந்ததால் 1947-இன் கடைசி நாட்களில் அவசரமாகப் பதிவுகள் நடந்தன. அப்போதுதான் 'ஜஸ்ட் பிகாஸ்' என்ற பாட்டைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அது போல்காவே அல்ல. ஷெல்ட்டன் சகோதரர்கள் பாடிய பழைய நாட்டுப்புறப் பாட்டு. நிறுவனத்தார் தயங்கினார்கள். விற்காவிட்டால் பத்தாயிரம் தட்டுகளைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னாராம். பத்து லட்சத்தைத் தாண்டி விற்றது. 1949-இல் 'ப்ளூ ஸ்கர்ட் வால்ட்ஸ்' அதே உயரத்தைத் தொட்டது. அதன் மெட்டு செக் நாட்டு வாக்லாவ் ப்ளாஹாவுடையது, ஆங்கில வரிகள் மிட்சல் பாரிஷுடையவை.

அவர் கையாண்ட முறை இந்த இரண்டு வெற்றிகளிலும் தெளிவாகத் தெரிகிறது. மெட்டு எங்கிருந்தும் வரலாம், பாடுவது ஆங்கிலத்தில், ஒலி மட்டும் கிளீவ்லாந்து. இதன் பலன் பெரிது. ஸ்லோவேனியர் மன்றங்களில் ஒலித்த இசை, அந்த மொழி தெரியாத சுரங்கத் தொழிலாளர்களிடமும் ஆலைத் தொழிலாளர்களிடமும் போய்ச் சேர்ந்தது. பெற்றோரின் மொழியை மறந்துகொண்டிருந்த இரண்டாம் தலைமுறை, கூச்சமில்லாமல் ஆடுவதற்கு ஓர் இசை பெற்றது. ஆங்கிலத்தில் பாடியதால் மரபைக் கெடுத்தார் என்ற குற்றச்சாட்டில் எனக்கு உடன்பாடில்லை. மொழி கைநழுவிக்கொண்டிருந்த வீடுகளில் இசையையாவது அவர் காப்பாற்றினார்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வெற்றி தந்த வாய்பாட்டை அவர் பிறகு உடைக்கவே இல்லை. 1950-களில் ஸ்லோவேனியாவில் ஸ்லாவ்கோ ஆவ்செனிக், வில்கோ ஆவ்செனிக் சகோதரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். அவர்கள் பழைய பாட்டுகளைத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கவில்லை. அக்கார்டியன், ட்ரம்பெட், கிளாரினெட், கிட்டார், பாரிடோன் என்று புதிய ஐவர் குழு அமைத்து, ஏறத்தாழ ஆயிரம் பாடல்களைத் தாங்களே இயற்றினார்கள். அந்தப் பாணியில் இன்றும் ஆல்ப்ஸ் மலைநாடுகளில் புதுக் குழுக்கள் பிறக்கின்றன. யாங்கோவிக்கோ அடிப்படையில் தேர்ந்தெடுப்பவர், தழுவுபவர். அவருடைய காது கூர்மையானது. ஆனால் காது மட்டுமே ஒரு மரபுக்கு விதைநெல் ஆகாது. ராக் அண்ட் ரோல் வந்து இளைஞர்களை அள்ளிக்கொண்டு போனபோது போல்காவிடம் அவர்களுக்குக் கொடுக்கப் புதிதாக எதுவும் இல்லை. 'ஜஸ்ட் பிகாஸ்' பாட்டையே எல்விஸ் பிரெஸ்லி எடுத்துப் பாடி, அதற்கு முற்றிலும் வேறு துடிப்பைக் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது குறை ஓயாத பயணம். ஆண்டின் பெரும்பகுதியை அவர் சாலையில் கழித்தார். சிற்றூர் அரங்கம் என்றும் பாராமல் போய் வாசித்தது ரசிகர்களுக்குப் பேறு. அதற்கு விலை கொடுத்தவர்கள் வீட்டில் இருந்தார்கள். பல பிள்ளைகள் பிறந்த முதல் திருமணம் மணமுறிவில் முடிந்தது. குழுவும் நிலைக்கவில்லை. பெகான் சில ஆண்டுகளிலேயே விலகி, பின்னர் லூ டிரெபாருடன் சேர்ந்து தனிக் குழு நடத்தினார். அதற்குப் பிறகு வந்த இளைஞர்களில் அபாரமானவர்கள் உண்டு. பதின்மூன்று வயதில் வந்து சேர்ந்த ஜோயி மிஸ்குலின் ஒருவரே போதும் சான்றுக்கு. ஆனாலும் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்த குழுவில், இரண்டு அக்கார்டியன்களும் ஒன்றையொன்று முன்கூட்டியே உணர்ந்து பேசும் அந்த 1940-களின் நெருக்கம் பிற்காலப் பதிவுகளில் எனக்குக் கேட்கவில்லை. திறமை இருக்கிறது, உரையாடல் மெலிந்துவிட்டது.

1986-இல் கிராமி விருதுகளில் போல்காவுக்கென முதன்முறையாகத் தனிப்பிரிவு வந்தபோது விருது யாங்கோவிக்குக்கே போனது. அது நியாயம். அடுத்த ஆண்டுகளில் அந்தப் பிரிவின் பெரும்பாலான விருதுகள், மொத்தம் 18, ஜிம்மி ஸ்டர் ஒருவருக்கே சென்றன. 2009-இல் பிரிவே நீக்கப்பட்டது. ஒரே மன்னரை மையமாக வைத்துப் பழகிய துறை, பலர் போட்டியிடும் களமாக வளரவில்லை என்பதற்கு இதைவிட வெளிப்படையான அடையாளம் தேவையில்லை. இதற்கு யாங்கோவிக் மட்டும் பொறுப்பாக முடியாது. இசைத்தட்டு நிறுவனங்களும் பத்திரிகைகளும் பட்டத்தைத்தான் விற்றன. ஆனால் அவரும் அதை மறுக்கவில்லை.

அவருடைய உண்மையான உயரம் 1946 முதல் 1949 வரையிலான பதிவுகளில் இருக்கிறது என்பதே என் தீர்ப்பு. அவை ஒரு மன்னரின் சாதனையாக இல்லாமல் ஒரு குழுவின் சாதனையாகவே எனக்குக் கேட்கின்றன. 'ஜஸ்ட் பிகாஸ்' கேட்கக் கிடைத்தால், முதல் முறை யாங்கோவிக்கின் குரலைக் கேளுங்கள். இரண்டாம் முறை குரலை விட்டுவிட்டு ஜானி பெகானின் அக்கார்டியனை மட்டும் தொடர்ந்து போங்கள்.