இன்சைடு அவுட்: நினைவை ரீவைண்ட் பண்ண முடியுமா?

பிக்சாரின் ‘இன்சைடு அவுட்’ (2015) படத்தைப் போன வாரம் மகளோடு உட்கார்ந்து மூன்றாவது முறையாகப் பார்த்தேன். முதல் தடவை பார்த்தப்ப ஒரு காட்சியில் கண் கலங்கிடுச்சு. இந்தத் தடவை அதே காட்சியோடதான் எனக்குச் சண்டை. ஏன்னு சொல்றேன்.

கதை தெரியாதவர்களுக்கு: ரைலிக்கு 11 வயது. மினசோட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடும்பம் இடம் மாறுகிறது. அவள் மண்டைக்குள் மகிழ்ச்சி, சோகம், பயம், கோபம், வெறுப்பு என்று ஐந்து பேர் கன்ட்ரோல் ரூமில் இருக்கிறார்கள். ஒவ்வொரு நினைவும் ஒரு உருண்டை. மகிழ்ச்சி என்றால் மஞ்சள், சோகம் என்றால் நீலம். ரைலி தூங்கினதும் அன்றைய உருண்டைகள் நீண்டகாலக் கிடங்குக்குப் போய்விடும்.

படம் சரியாகப் பிடித்ததை முதலில் சொல்லிடறேன். தூக்கத்துக்கும் நினைவுக்கும் உள்ள தொடர்பு உண்மை. புதிய நினைவுகள் முதலில் ஹிப்போகேம்பஸை நம்பி இருக்கின்றன. தூக்கத்தில் அவை திரும்பத் திரும்ப ஓட்டப்பட்டு, மெல்ல மெல்லக் கார்டெக்ஸில் வலுப்படுகின்றன என்பதுதான் பரவலான புரிதல். ஒரே ராத்திரியில் முடிகிற வேலை இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது விஷயம் இன்னும் அழகு. சோகம் ஒரு மஞ்சள் உருண்டையைத் தொட, அது நீலமாகிறது. மகிழ்ச்சி எவ்வளவு தேய்த்தும் பழைய நிறம் வரவில்லை. 2000-இல் கரீம் நாடர், கிளென் ஷேஃபே, ஜோசப் லெடூ மூவரும் நியூயார்க்கில் எலிகளை வைத்துச் செய்த சோதனைக்குப் பக்கத்தில் வருகிறது இந்தக் காட்சி. ஒரு ஒலி, கூடவே மின் அதிர்ச்சி. எலி அந்த ஒலிக்குப் பயப்படப் பழகிவிட்டது. மறுநாள் ஒலியை மட்டும் ஒருமுறை போட்டு நினைவூட்டி, உடனே அமிக்டலாவில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். அடுத்த நாள் பார்த்தால் பயம் பெருமளவு குறைந்திருந்தது. நினைவூட்டாமல் மருந்து மட்டும் கொடுத்த எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதாவது, நினைவுகூரும்போது நினைவு இளகுகிறது, மறுபடி இறுக வேண்டியிருக்கிறது. எல்லா நினைவும் எல்லா முறையும் இப்படி இளகுவதில்லை என்பதையும் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் எங்க தொழில் பாஷையில சொன்னா, ரீட் பண்றப்பவே ரைட்டும் நடக்கலாம்.

இப்ப சண்டைக்கு வரேன். நினைவுக் குப்பைமேட்டில் மகிழ்ச்சி ஒரு உருண்டையை எடுக்கிறாள். ஹாக்கி அணித் தோழிகள் ரைலியைத் தூக்கிக் கொண்டாடும் நினைவு. அதைப் பின்னோக்கி ஓட்டினால், அதற்கு முன்னால் ரைலி தோற்றுப்போய் மரக்கிளையில் அழுதுகொண்டிருக்கிறாள். சோகம் வந்ததால்தான் ஆறுதலும் வந்தது என்று மகிழ்ச்சிக்கு அப்போதுதான் புரிகிறது. உணர்ச்சியாக அருமையான காட்சி. ஆனால் படத்தின் மொத்தத் தப்பும் இங்கதான் இருக்கு. நிறம் மாறுமாம், உள்ளே இருக்கும் வீடியோ மட்டும் ஒரு பிரேம்கூட மாறாமல் காத்திருக்குமாம்!

1986-இல் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்த மறுநாள் காலை, உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் தங்கள் மாணவர்களிடம் ‘செய்தியை எப்படிக் கேள்விப்பட்டீர்கள்’ என்று எழுதி வாங்கினார்கள். இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரிடம் மறுபடி கேட்டார்கள். 11 பேர் சொன்னது முழுக்கத் தப்பு. ஆனால் பலருக்கு அசையாத நம்பிக்கை. சொந்தக் கையெழுத்தையே காட்டியும், மறந்துபோன அசல் நினைவு யாருக்கும் திரும்பவில்லை. ரீவைண்ட் பட்டன் இருந்திருந்தால் அங்கே வேலை செய்திருக்கணும்.

எனக்கு இது வெறும் தகவல் இல்லை. பி.ஈ. முதல் வருஷம் ஹாஸ்டலில் என்னை விட்டுட்டு, பஸ் படியில நின்னு அப்பா கையசைத்தது எனக்கு அப்படியே ஞாபகம். அவர் போன பிறகு அதை எத்தனை தடவை நினைச்சிருப்பேன்னு கணக்கில்லை. போன வருஷம் பேச்சுவாக்கில் சொன்னப்ப அக்கா, “அன்னைக்கு அப்பா எங்கடா வந்தார்? லீவு கிடைக்கல. சித்தப்பாதானே வந்தார்” என்றாள். நான் ஒத்துக்கல. ரெண்டு பேருக்கும் கோபமே வந்திடுச்சு. அப்புறம் பழைய பெட்டியில் அப்பா எழுதிய இன்லேண்ட் லெட்டர் கிடைத்தது. கொண்டுவந்து விட முடியவில்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். நினைவின் நிறம் மட்டும் மாறலை, ஆளே மாறிட்டார்.

கடிதத்தைப் படித்த பிறகும் பஸ் படியில் சித்தப்பா முகம் வரவே மாட்டேங்குது.

படத்தின் முடிவில் மஞ்சளும் நீலமும் கலந்த ஒரு உருண்டை உருண்டு வரும். ஒரு நினைவுக்கு ஒரே உணர்ச்சி இல்லை என்று பிக்சார் புரிந்துகொண்டது. ஒரு நினைவுக்கு ஒரே காட்சியும் இல்லை என்று இன்னும் ஒரு அடி போயிருக்கலாம். குழந்தைகள் படத்துக்கு அது கனம் என்பீர்கள். இருக்கலாம். ஆனா “நான் என் கண்ணால பாத்தேன்”னு அக்காவிடம் கத்தினது நாற்பது தாண்டிய ஆள். படத்தைக் கட்டாயம் பாருங்க. அது முடிஞ்சதும் வீட்டில் பழைய கடிதம் எதுவும் இருந்தா அதையும் எடுத்துப் பாருங்க.