தெருவில் நீளும் பாவு

காஞ்சிப் பட்டை ரசிப்பவர்கள் கோர்வைக் கரையையும் ஜரிகை முந்தானையையும்தான் பார்க்கிறார்கள். அந்தப் புடவையின் முதல் அழகு தறிக்கு வெளியே, தெருவிலேயே பிறந்துவிடுகிறது. பங்குனி விடியலில், வெயில் ஏறுவதற்குள், காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வாசலுக்கு வெளியே நெசவின் நீள இழைகளான பாவை நீட்டிக் கட்டியிருப்பார்கள். இரு பக்கமும் குடும்பமே நிற்கும். அரிசிக் கஞ்சி தெளித்து, இழையோடு இழை ஒட்டாமல் தடவிப் பிரித்து, அறுந்ததை விரல்நுனியால் முறுக்கிச் சேர்ப்பார்கள். நனைந்து குழைந்த பட்டு மெல்ல மெல்ல விறைப்பேறும். கை ஓடும் இடமெல்லாம் மெல்லிய சரசரப்பு எழும். இழுப்பு கொஞ்சம் கூடினாலும் இழை அறும், தளர்ந்தால் நெசவு கெடும். அந்த அளவு விரலுக்கு மட்டுமே தெரியும்.

இது பிழைப்பு, இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உழைப்புக்கேற்ற கூலி பலருக்குக் கிடைப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் பிழைப்புக்காகச் செய்வதாலேயே ஒரு திறமை சிறியதாகிவிடாது. இயந்திரம் வேகமாகப் பாவு ஓட்டும் என்பதும் சரி. இருந்தாலும், அறுந்த ஓர் இழையை அதன் இடத்திலேயே தேடிச் சேர்க்க இந்தத் தெருக்களில் இன்றும் கண்ணும் விரலும்தான் உழைக்கின்றன. அடுத்த முறை பட்டு எடுக்கும்போது, கரையைப் பார்த்து முடித்ததும் புடவையின் உடலையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.