கவிஞனின் தாகமும் குலாபோவின் வேலையும்: 'பியாசா'வின் நடிப்பை முன்வைத்து

1

சிறுபத்திரிகைக்காரர்களிடம் 'பியாசா' பற்றிக் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. படத்தைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருப்போம். எதிரே இருப்பவர் தன்னைப் பற்றிப் பேசுவதாக எடுத்துக்கொள்வார். புறக்கணிக்கப்பட்ட கவிஞன், அவனுக்குச் சோறு போட மறுக்கிற அண்ணன்கள், ஏய்க்கிற பதிப்பாளன், செத்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும் கூட்டம் போட்டுக் கொண்டாடுகிற சமூகம் - நம்மில் யார்தான் இந்தக் கதையை ஒருதரமாவது தன் கதையாக நினைத்துப் பார்த்ததில்லை? நானும் நினைத்தவன்தான். அந்த நினைப்பு எங்கே உடைந்தது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

போன வருடம் அம்பத்தூர் எஸ்டேட் அருகே ஒரு மாடி அறையில் நண்பர்கள் சேர்ந்து படத்தைத் திரையிட்டோம். நாற்பது பேர் இருக்கும். எழுதுகிறவர்கள் பாதி. மீதிப்பேர் கார்மெண்ட்ஸ் கம்பெனிகளில் தையல் வேலை பார்க்கும் பெண்கள், பட்டறைகளில் லேத் ஓட்டும் பீகார், ஒடிசா இளைஞர்கள். அடியில் ஓடிய எழுத்துகள் ஆங்கிலம். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் சிலர்தான். இந்தி புரிந்தவர்கள் அந்த இளைஞர்கள். தையல் வேலைப் பெண்களுக்கு இரண்டும் கிடையாது. நான் நடுநடுவே குனிந்து தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அரைமணி நேரத்தில் ஒரு அக்கா, "நீங்க சும்மா இருங்க தோழர், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்றார். சும்மா இருந்தேன்.

படம் முடிந்து விவாதம். எங்கள் கவிஞர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது கலைஞனின் தனிமை பற்றிய மகத்தான பிரதி என்று ஆரம்பித்தார். அடுத்தவர் நேருவின் இந்தியா பற்றிப் பேசினார். நான் ஒளிப்பதிவைப் பற்றிப் பேசினேன். கடைசியில் அதே அக்கா கேட்டார்: "இன்னா தோழர், எல்லாரும் அந்த ஆளப் பத்தியே பேசினு இருக்கீங்க. அவரு எழுதுனாரு, சரி. அத்த யாரு எடுத்து வெச்சிருந்தா? புஸ்தகம் போட யாரு துட்டு குடுத்தா? அந்தப் பொண்ணுதான?"

இந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

2

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகக் கதை. 1957இல் வெளிவந்தது. தயாரிப்பு, இயக்கம், கதாநாயகன் மூன்றும் குரு தத். எழுத்து அப்ரார் அல்வி, ஒளிப்பதிவு வி.கே. மூர்த்தி, இசை எஸ்.டி. பர்மன், பாடல்கள் சாஹிர் லூதியான்வி. கல்கத்தாவில் வேலை இல்லாமல் அலையும் கவிஞன் விஜய். அவன் கவிதைக் காகிதங்களை அண்ணன்கள் பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். வாங்கி வைத்திருப்பவள் குலாபோ என்கிற பாலியல் தொழிலாளி. கல்லூரியில் விஜய்யைக் காதலித்த மீனா, இப்போது கோஷ் என்கிற பதிப்பாளரின் மனைவி. விஜய் தன் கோட்டை ஒரு பிச்சைக்காரருக்குக் கொடுக்கிறான். அவர் ரயிலில் அடிபட்டுச் சாக, செத்தது விஜய் என்று ஊர் நம்புகிறது. குலாபோ தன்னிடமிருந்ததையெல்லாம் கொடுத்துப் புத்தகம் வரவழைக்கிறாள். புத்தகம் அமோகமாக விற்கிறது. உயிரோடிருக்கும் விஜய், 'நான்தான் விஜய்' என்று சொன்னதற்காகப் பைத்தியக்கார விடுதியில் அடைக்கப்படுகிறான். எண்ணெய் மசாஜ் செய்யும் அப்துல் சத்தார் அவனைத் தப்புவிக்கிறான். கடைசியில் விஜய் எல்லோர் முன்னாலும் 'நான் விஜய் இல்லை' என்று தன் பெயரையே துறந்து, குலாபோவை அழைத்துக்கொண்டு போய்விடுகிறான்.

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு 'சோஷலிச பாணிச் சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. இரண்டு வருடம் கழித்து இந்தப் படத்தில் குடித்துவிட்டுத் தள்ளாடும் ஒரு கவிஞன் விபச்சாரத் தெருவுக்குள் நடந்துபோய், இந்த நாட்டைப் பற்றிப் பெருமைப்படுகிறவர்கள் எங்கே என்று கேட்கிறான். படத்தின் அரசியல் கூர்மை என்று எல்லோரும் சுட்டுவது இந்த இடத்தைத்தான். சரிதான். ஆனால் அந்தப் பாட்டை இன்னொருமுறை பாருங்கள். ஜன்னலிலும் வாசலிலும் நிற்கிற பெண்கள் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர்களுடைய துயரம் அவனுடைய கவிதைக்குக் கச்சாப்பொருளாகிறது. சுரண்டலைக் கண்டிக்கிற சொல்லாடலுக்குள்ளேயே சுரண்டப்படுபவர் பின்னணித் திரையாகிவிடுகிற இந்த வேலை நமக்கும் பழக்கமானதுதான். நம் கவிதைத் தொகுப்புகளைப் புரட்டினால் தெரியும்.

3

குரு தத்தின் நடிப்பு விலகிக்கொள்கிற நடிப்பு. இந்த வேடத்துக்கு முதலில் திலீப் குமாரைத்தான் கேட்டார்கள். அவர் நடித்திருந்தால் துயரம் முகத்தில் ஏறி நின்றிருக்கும். குரு தத்திடம் அது இறங்கிப்போகிறது. குரல் தாழ்ந்தே இருக்கிறது, உதடு அதிகம் அசைவதில்லை. அவர் விட்ட இடத்தை மூர்த்தியின் காமிரா நிரப்புகிறது. முகத்தை நோக்கி மெல்ல நகர்ந்து வருகிறது, ஒளியை ஒரு பக்கத்தில் மட்டும் விழவைக்கிறது. ஆக, விஜய்யின் துயரம் என்று நாம் சொல்வதில் பாதி, ஒளி அமைத்தவர்கள், காமிரா வண்டி தள்ளியவர்களின் உழைப்பு.

'பராசக்தி'யோடு (1952) வைத்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். அங்கேயும் ஒரு படித்த இளைஞன் பட்டணத்துத் தெருவில் பசியோடு அலைகிறான். குணசேகரன் பிழைப்புக்காகப் பைத்தியமாக நடிக்கிறான்; விஜய்யைப் பிறர் பைத்தியமாக்குகிறார்கள். குணசேகரன் நீதிமன்றத்தில் சமூகத்தையே கூண்டிலேற்றிப் பேசுகிறான். விஜய் மேடையேறித் தன் பெயரை மறுக்கிறான். சிவாஜியின் உடம்பு முழுக்க வசனத்துக்கு வேலை செய்கிறது. குரு தத்தின் உடம்போ எதற்கும் வேலை செய்ய மறுக்கிறது. இதை வெறுமனே மிகைநடிப்பு, இயல்புநடிப்பு என்று பிரித்து, பின்னதே உன்னதம் என்று தீர்ப்பளிப்பது நம்முடைய நல்ரசனைக் கோஷ்டியின் பழைய வியாதி. சிவாஜியின் அந்த உரத்த குரல், அதுவரை பேச இடமில்லாத ஒரு கூட்டத்துக்குக் கிடைத்த குரல். மௌனமாக இருக்க முடிவதும் ஒரு வசதி என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

விஜய் கைகளை விரித்து நிற்கிற இடங்களையும் கவனியுங்கள். கோஷ் வீட்டு விருந்தில் புத்தக அலமாரியில் சாய்ந்து பாடும்போது, பிறகு தனக்கே நடக்கும் அஞ்சலிக் கூட்டத்தில் வாசலில் வெளிச்சத்தை முதுகில் வாங்கி நிற்கும்போது - சிலுவையில் அறையப்பட்ட தோற்றம். மீனா படிக்கும் பத்திரிகை அட்டையிலும் கிறிஸ்து இருக்கிறார். கவிஞனைப் புனிதனாக்கும் இந்த ஏற்பாட்டில் ஒரு சின்னச் சிக்கல்: கிறிஸ்து தச்சர் வீட்டுப் பிள்ளை. விஜய்யின் கைகள் எந்த வேலையிலும் தரிப்பதில்லை.

4

இனி வஹீதா ரஹ்மான். 1938இல் செங்கற்பட்டில் பிறந்தவர். ஆவடியும் பூந்தமல்லியும் இன்று திருவள்ளூர் மாவட்டம், அம்பத்தூர் 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது. அன்று எல்லாமே செங்கற்பட்டு மாவட்டம். அந்த வகையில் எங்கள் ஜில்லாக்காரர். பரதநாட்டியம் கற்றவர். 'ரோஜுலு மாராயி' (1955) தெலுங்குப் படத்தில் ஒரு நடனம் ஆடி, அதன் வழியாகவே குரு தத்தின் கண்ணில் பட்டவர். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) படத்திலும் ஒரு பாட்டுக்கு ஆடியிருக்கிறார். தாதாசாகேப் பால்கே விருது 2023இல்தான் அவருக்கு அறிவிக்கப்பட்டது.

குலாபோ முதலில் வருகிற காட்சியை எடுத்துக்கொள்வோம். இரவு. விஜய் எழுதிய கவிதையையே பாடிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்து, அவனைத் தெருத்தெருவாகத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகிறாள். அந்தச் சிரிப்பு காதல் இல்லை, தொழில். வஹீதா அதை ஒளிப்பதில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஆள் வருகிறானா என்று அளக்கிற கண் தெரிகிறது. அவனிடம் பைசா இல்லை என்று தெரிந்ததும் அதே முகம் சட்டென்று கறுத்துக் கத்தி அவனை வெளியே தள்ளுகிறது. ஒரு ராத்திரிக் கூலி போன கோபம் அது. அப்புறம் அவன் விட்டுப்போன காகிதத்தைப் பார்த்து, அந்தக் கவிதைகளை எழுதியவன் இவன்தான் என்று தெரியும்போது மூன்றாவதாக ஒரு முகம். பத்து நிமிடத்துக்குள் மூன்று. எங்கள் அறையில் தையல் வேலைப் பெண்கள் சிரித்தது இரண்டாவது முகத்துக்கு. எழுத்தாளர்கள் யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது முகத்துக்காகக் காத்திருந்தார்கள்.

மொட்டைமாடிக் காட்சி. போலீஸ்காரன் துரத்த ஓடிவரும் குலாபோவை, 'இவள் என் மனைவி' என்று சொல்லி விஜய் காப்பாற்றுகிறான். அந்த ஒரு சொல் அவளை என்னவோ செய்கிறது. கீழே தெருவில் ஒருத்தி கீர்த்தனை பாடுகிறாள். மேலே முதுகைக் காட்டி நிற்கிற அவனை நோக்கிக் குலாபோ படியேறி வருகிறாள், கிட்டத்தில் வந்து நிற்கிறாள், தொட முடியாமல் ஓடிவிடுகிறாள். உடம்பே தொழிலான ஒருத்திக்குத் தொடுவது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. நாட்டியம் பழகிய உடம்பு, ஆடாமல் நிற்பதற்குத் தன் பயிற்சி முழுவதையும் செலவழிக்கிறது. அவனோ ஒன்றையும் கவனிக்காமல் புகைத்துக்கொண்டிருக்கிறான். இந்தக் காட்சியில் குலாபோ பேசுவதில்லை. கதை யாரைப் பற்றியது என்ற கேள்வியை நடிப்பு அங்கே திருப்பிப் போட்டுவிடுகிறது. கதையும் பாட்டும் கவிஞனை நடுவில் வைக்கின்றன. வஹீதாவின் உடம்பு அவனைச் சுற்றி நடக்கும் உழைப்பை நடுவில் வைக்கிறது.

5

பம்பாயில் பஸ் கண்டக்டராக இருந்து நடிக்க வந்தவர் ஜானி வாக்கர். (கண்டக்டர் நடிகரானால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.) அவருடைய சத்தார் எண்ணெய்ப் புட்டியோடு பூங்காவில் கூவிக்கொண்டு அலைகிறான். அந்தப் பாட்டு அவனுடைய தொழிலுக்கு அவனே செய்துகொள்ளும் விளம்பரம். தலையில் விழும் விரல்கள், தோள்குலுக்கல், கிண்டல் - படத்தில் கை உழைப்பைச் சந்தோஷமாகக் காட்டுகிற இடம் இது ஒன்றுதான். விமர்சகர்கள் இதைக் 'காமெடி டிராக்' என்று ஒதுக்கிவைப்பது வழக்கம். ஆனால் சத்தாருக்குப் பாடிய முகமது ரஃபிதான் விஜய்க்கும் பாடியிருக்கிறார். விருந்தில் பாடும் பாட்டுக்கு மட்டும் விஜய்க்கு ஹேமந்த் குமாரின் குரல். ஒரு கவிஞனுக்கு இரண்டு தொண்டை. கவிஞனுக்கும் மசாஜ்காரனுக்கும் ஒரே தொண்டை. கதை பிரித்துவைத்ததைக் குரல் சேர்த்துவிடுகிறது.

எங்கள் அறையில் இந்தப் பாட்டு வந்தபோது பீகார் இளைஞர்கள் கைதட்டினார்கள். ஒருவர் கூடவே பாடினார். தமிழில் எம்.ஏ. படித்து, இந்தித் திணிப்பை எதிர்த்து எழுதிவருபவன் நான், தொடர்ந்தும் எழுதுவேன். 1965இல் கிளர்ச்சி நடந்த அதே வருடம்தான் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அரசின் மொழியாக வருகிற இந்தி வேறு, கூலிக்கு வந்த இடத்தில் ஒருவர் முணுமுணுக்கிற பாட்டு வேறு. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறவர்கள் முதலாவதை எதிர்க்கிற பலத்தையும் இழந்துவிடுகிறார்கள். சாஹிரின் பாடல்களில் ஓடுவதே பெரும்பாலும் உருது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மீனாவைத் துரோகி என்று திட்டுவதும் நமக்குப் பழக்கம். மாலா சின்ஹா அவளை அப்படி நடிக்கவில்லை. வேலையில்லாத கவிஞனை விட்டுப் பாதுகாப்பைத் தேடிய ஒரு பெண்ணின் கணக்கும், அந்தக் கணக்கு தப்பியதும், புருஷன் முன்னால் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்பு ஒரு கணம் தயங்குகிற கண்களில் இருக்கின்றன. ரஹ்மானின் கோஷ் குரலை உயர்த்துவதே இல்லை. ஆள் வைத்திருப்பவனுக்குக் கத்த வேண்டிய அவசியம் கிடையாது.

6

மறுபடி அந்த அக்காவின் கேள்விக்கு வருகிறேன். விஜய் தன் பெயரைத் துறக்கிறான். கைதட்டுகிறோம். ஆனால் அந்தப் பெயரை அச்சில் ஏற்றியவள் குலாபோ. அதைத் துறப்பதற்குமுன் அவளை ஒரு வார்த்தை கேட்டானா? அவள் போட்ட முதலை அவன் மேடையிலிருந்து வீசி எறிகிறான். பிறகு வாசலில் வந்து கூப்பிடுகிறான், அவளும் கிளம்பிவிடுகிறாள். துறவு பெரிய விஷயம்தான். துறப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும், அதை யாராவது சம்பாதித்துத் தந்திருக்க வேண்டும்.

இது இந்திப் படத்தோடு முடிகிற விஷயமில்லை. 1921இல் பாரதி இறந்த பிறகு அவர் பாடல்களை நூலாக்க முன்நின்றவர்களில் ஒருவர் செல்லம்மா. நம் இலக்கிய வரலாறுகளில் பாரதியின் வறுமை வருகிற அளவுக்கு அவருடைய வேலை வருகிறதா? கவிஞன் வாழும்போது பட்டினி, செத்தபின் சிலை என்று நாம் சொல்லிக்கொள்ளும் கதையாடலில் இடைப்பட்ட உழைப்புக்கு இடமே கிடையாது.

என்னையும் சேர்த்தே சொல்கிறேன். என் முதல் கவிதைத் தொகுப்பு வந்தது என் அக்காவின் இரண்டு வளையல் அடகுக்கடைக்குப் போனதால். அவளும் எஸ்டேட்டில் தைக்கிறவள்தான். நன்றிப் பக்கத்தில் ஏழு பேர் பெயர் இருக்கிறது: இரண்டு விமர்சகர்கள், அட்டைப்படம் வரைந்தவர், மெய்ப்பு பார்த்தவர், நண்பர்கள் மூவர். முன்னூறு பிரதி அடித்ததில் இருநூற்றுச் சொச்சம் இன்னும் அவள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. ஒன்றை எடுத்துப் பழைய பேப்பர்காரனிடம் அவள் போட்டதில்லை. வளையல் இன்னும் திரும்பவில்லை.

'பியாசா' பெரிய படம் என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. தன் நாயகன் அறியாததை அறிந்த ஒரு நடிகையை அது தன் நடுவிலேயே வைத்திருக்கிறது. அதனால்தான் பெரிய படம். அடுத்த தரம் பார்க்கிற தோழர்கள் விஜய்யின் முகத்திலிருந்து கண்ணைக் கொஞ்சம் எடுத்து, மாடிப்படியில் நிற்கிறவளைப் பாருங்கள். பார்த்துவிட்டு, உங்கள் புத்தகத்தின் நன்றிப் பக்கத்தையும் ஒருதரம் திருப்பிப் பாருங்கள்.