திரை பாராமல் கேட்ட ஜெருசலேம்

'அசாஸின்ஸ் கிரீட்' (2007) கணினி விளையாட்டின் இசையை ஹல்துமுல்லையில், மருமகன் விளையாடிக்கொண்டிருக்க, அடுத்த அறையிலிருந்துதான் முதலில் கேட்டேன். சிலுவை யுத்தக் கதை என்றான். அரபுலகம் என்றாலே ஒரு புல்லாங்குழலும் பாலைவனக் காற்றும் போதுமென்ற ஹொலிவூட் வழக்கத்தை எதிர்பார்த்தேன்.

டென்மார்க்கைச் சேர்ந்த ஜெஸ்பர் கைட் அப்படிச் செய்யவில்லை. 1191ஆம் ஆண்டின் ஜெருசலேத்துக்கு அவர் அமைத்த இசையில் மின்னிசை விலகுவதேயில்லை. ஸலாஹுத்தீன் ஐயூபியின் காலத்தில் சிந்தசைசர் ஏது? நானும் கேட்டேன். ஆனால் இக்கதையில் அந்நகரைக் காண்பவன் இன்றைய மனிதன். அனிமஸ் என்ற இயந்திரத்தில் கிடந்து மூதாதையின் நினைவுக்குள் நுழைபவன். அந்த இயந்திரத்தை இசை மறைக்கவில்லை. வாத்தியக்குழுவை மட்டும் வைத்து, இதுதான் அக்காலம் என்று நம்பவைப்பதைவிட இது நேர்மையானது.

ஆயினும் அந்நகர மக்களின் சொந்த இசைமரபுக்கு இதில் இடம் குறைவு. ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதைக் காட்டும் 'மிராஜ்' (2023) இதைச் சற்று ஈடுசெய்கிறது. பிரெண்டன் ஏஞ்சலிடிஸின் இசையில் அரபு வயலின் கலைஞர் லைத் சிதீக்கும் பங்கேற்றார். அங்கே வயலின் அலங்காரமாக வரவில்லை, பேசுகிறது.

1817-18 ஊவாக் கிளர்ச்சியை நாளை எவராவது விளையாட்டாக்கினால் எங்களுக்கு என்ன ஒலி கிடைக்கும்? இம்மலைகளில் தவளம் ஓட்டித் திரிந்த முஸ்லிம்களுக்கும் அதே புல்லாங்குழல்தானா? பொதிமாட்டின் மணியையாவது யாரேனும் கேட்டு வைக்கவேண்டும்.